மூன்று பக்கமும் பார்த்து வரைதல்

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என இந்தச் சாலையோர ஊர்களில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு ஒரு காட்சி பழகிப்போயிருக்கும். காலையில் பொது ஷிப்டுக்குப் போகும் நிறுவனப் பேருந்துகளும் பள்ளிக்கு வரும் பிள்ளைகளும் ஒரே சாலையில் எதிரெதிரே கடப்பார்கள். பேருந்துக்குள் இருப்பவர்களில் பலர் நம் முன்னாள் மாணவர்கள். 1996இல் ஹூண்டாய் இங்கே வந்தது; 1998இல் முதல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. பிறகு ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர் என ஆலைகள் பெருகின. “பிளஸ் டூ முடிச்சா கம்பெனி” என்பது இப்பகுதியில் முழுமையான ஒரு பதில். அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

கம்பெனி வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் இங்கே பல ஓட்டு வீடுகள் தளம் போட்ட வீடுகளாயின. ஆனால் கம்பெனிக்குள் என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்று எங்கள் பத்தாம் வகுப்பில் கேட்டபோது, அசெம்பிளி, வெல்டிங், பேக்கிங், கேன்டீன், செக்யூரிட்டி, டிரைவர் என்பதோடு பட்டியல் முடிந்துவிட்டது. வரைபடம் போடுவதும் ஒரு வேலை என்று யாரும் சொல்லவில்லை. அப்பா, அண்ணன், அக்கா என யாராவது ஆலைக்குப் போய்வரும் பிள்ளைகள் இவர்கள்.

காரின் கதவுக் கைப்பிடி, அதை மாட்டும் திருகாணி, அதைப் பொருத்தும்போது அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஜிக், ஆலைக் கட்டடத்தின் தூண் என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடத் தாள் உண்டு. அதில் அளவு, பொருள், அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம், வரைந்தவர், சரிபார்த்தவர், தேதி, திருத்த எண் எல்லாம் இருக்கும். பாகம் பொருந்தவில்லை என்று தகராறு வந்தால் இரு தரப்பும் கடைசியில் போய் நிற்பது அந்தத் தாளின் முன்தான். இப்போது அது பெரும்பாலும் கணினித் திரையில் இருக்கிறது. ஆனாலும் ‘டிராயிங்’ என்றே பெயர்.

இந்தத் தாளை வரையவும் படிக்கவும் கற்றுத்தரும் படிப்புகள் நம் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. அவற்றில் சேர்ந்து நிலைக்க எந்தத் திறன் வேண்டும், அதை எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணிதப் பாடவேளையில் எப்படி வளர்க்கலாம் என்று பார்ப்போம். நான் கணித ஆசிரியர் என்பதால் கணிதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரே வேர்

அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகள் சிலவற்றில் படவரைவு, கட்டட வடிவமைப்பு, கணினி அசைவூட்டம் மூன்றையும் ஒரே துறையில் வைத்திருக்கிறார்கள். நட்டு போல்ட்டுக்கும் வீட்டு பிளானுக்கும் கார்ட்டூன் படத்துக்கும் என்ன உறவு என்று தோன்றலாம்.

உறவு நெருக்கமானது. 1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் என்ற ஆய்வு மாணவர் தம் முனைவர் பட்டத்துக்காக ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற நிரலை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் கணினித் திரையிலேயே கோடு இழுக்கலாம். இந்த இரண்டு கோடுகளும் இணையாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால், கணினியே அவற்றை நேராக்கிக்கொள்ளும். சதர்லேண்டின் தந்தை கட்டடப் பொறியாளர், தாய் ஆசிரியை. 1982இல் வந்த ஆட்டோகேட் உள்ளிட்ட கணினிவழி வரைவு மென்பொருள்களுக்கெல்லாம் ஸ்கெட்ச்பேடே மூதாதை. சதர்லேண்ட் பின்னர் யூட்டா பல்கலைக்கழகத்தில் கற்பித்தபோது அவரிடம் படித்தவர்களில் ஒருவர் எட் கேட்மல். அவர் 1972இல் தம் இடக்கையைப் பிளாஸ்டரில் அச்செடுத்து, அதன்மேல் சிறு சிறு முக்கோணங்களும் பலகோணங்களும் வரைந்து, முனைகளின் ஆயத்தொலைவுகளைக் கணினியில் ஏற்றி, விரல்கள் மடங்கி நிமிர்வதைத் திரையில் காட்டினார். பிற்காலத்தில் பிக்சார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

ஒன்பதாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் நடத்தும்போது “இது எதுக்கு மிஸ்?” என்று கேட்கும் பிள்ளைக்குக் கேட்மலின் கையைக் காட்டலாம். நூற்றுக்கணக்கான புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள். விரல் மடங்கும்போது அந்த எண்கள்தாம் மாறுகின்றன.

மூன்று படிப்புக்கும் பொதுவான திறன் ஒன்றுதான்: கண்முன் இல்லாத ஒரு பொருளை மனத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது. பூவும் மயிலும் அழகாக வரையும் கை இதற்குக் கட்டாயமில்லை. பொதுத்தேர்வின் எட்டு மதிப்பெண் செய்முறை வடிவியலும் இதை முழுதாகச் சோதிப்பதில்லை. கவராயத்தின் படிகளை மனப்பாடம் செய்துகூட அதில் முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். அதனால் இந்தத் திறன் யாரிடம் இருக்கிறது என்பது மதிப்பெண் பதிவேட்டைப் பார்த்தால் தெரியாது. தனியாகத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

இரண்டு சதுரங்கள்

தேடிப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கரும்பலகையில் ஒரே அளவான இரண்டு சதுரங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வரையுங்கள். மேலே உள்ளது பொருளை முன்னாலிருந்து பார்த்தால் தெரிவது, கீழே உள்ளது உச்சியிலிருந்து பார்த்தால் தெரிவது என்று சொல்லி, இது என்ன பொருள் என்று கேளுங்கள். வகுப்பு முழுவதும் “கனசதுரம்” என்று கத்தும். “வேறு ஏதாவது?” என்றால் அமைதியாகிவிடும்.

அப்போது ஆளுக்கொரு களிமண் கட்டியும் ஒரு துண்டு நூலும் கொடுங்கள். முதலில் கனசதுரம் செய்யட்டும். பிறகு, முன்னிருந்தும் மேலிருந்தும் சதுரமாகவே தெரிய வேண்டும், ஆனால் கனசதுரமாக இருக்கக் கூடாது. நூலால் அறுத்துக் காட்டுங்கள் என்று சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் இதை முதலில் முடித்தவன் கணிதத்தில் 35ஐத் தொடத் திணறும் ஒரு மாணவன். பின்பக்க மேல் விளிம்பிலிருந்து முன்பக்கக் கீழ் விளிம்புக்கு நூலைச் சாய்வாக இழுத்தான். கனசதுரம் இரண்டு ஆப்புகளாயிற்று. முன்பக்கத்தை எடுத்துப் போட்டுவிட்டு மீதியைக் காட்டினான். முன்னிருந்து பார்த்தால் சாய்தளம் சதுரமாகத் தெரிகிறது. மேலிருந்தும் அப்படியே. பக்கவாட்டில்தான் செங்கோண முக்கோணம். பக்கத்தில் இருந்த மாணவி, “உருளையும் வரும் மிஸ், படுக்க வெச்சா” என்றாள். விட்டமும் நீளமும் சமமான உருளையைக் கிடத்தினால் முன்னும் மேலும் சதுரம், பக்கத்தில் வட்டம்.

மூன்றாவது தோற்றம் ஏன் வேண்டும் என்று இனி விளக்கவே தேவையில்லை. இரண்டு தோற்றங்களோடு தாளை அனுப்பினால் கனசதுரமும் வரலாம், ஆப்பும் வரலாம், உருளையும் வரலாம் என்று அவர்களே கண்டுகொண்டார்கள். அந்த மாணவனை அதன் பிறகு நான் வேறு கண்ணோடுதான் பார்க்கிறேன். காரணிப்படுத்துதலில் அவன் இன்னும் தடுமாறுகிறான். ஆனால் அவனைக் ‘கணக்கு வராத பையன்’ என்று எழுதிவிட முடியாது.

தோற்றங்களை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு மரபு உண்டு. இந்த வட்டாரத்தில் அது வெறும் பாடப்புத்தகச் செய்தியாக நின்றுவிடாது. நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வழிகாட்டுதல்படி முதல் கோண முறையைக் கற்பிக்கிறோம். அதில் மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும். இடப்புறமிருந்து பார்த்த தோற்றம் வலப்புறம் வரும். ஐரோப்பிய நாடுகளிலும் பெரும்பாலும் இதுவே வழக்கம். அமெரிக்கா, ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளில் மூன்றாம் கோண முறை. மேல்தோற்றம் மேலே, இடத்தோற்றம் இடப்புறம். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை கொரிய, ஜப்பானிய, ஜெர்மன் நிறுவனங்கள் அருகருகே இருக்கின்றன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்துதரும் சிறு பட்டறைக்கு இரண்டு முறைகளிலும் தாள்கள் வரலாம். தாளின் மூலையில் நுனி வெட்டிய கூம்பின் சிறு படம் ஒன்று இருக்கும். எந்த முறை என்று சொல்வது அதுதான். அதைக் கவனிக்காமல் விட்டால் வலக்கைப் பாகத்துக்குப் பதில் இடக்கைப் பாகம் தயாராகி, மொத்தமும் பழைய இரும்புக்குப் போகும்.

தாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வரைபடத் தாள்களின் அளவு ஏ0இலிருந்து ஏ4 வரை பாதி பாதியாகக் குறைகிறது. வடிவம் மட்டும் மாறுவதில்லை. நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் எப்போதும் √2. ஓர் ஏ4 தாளின் மூலையை மடித்து 21 செ.மீ. சதுரம் ஆக்கினால், மடிப்புக்கோடு அந்தச் சதுரத்தின் மூலைவிட்டம். அதை இன்னோர் ஏ4 தாளின் நீளப் பக்கத்தோடு சேர்த்து வையுங்கள், இரண்டும் 29.7 செ.மீ., முடி அளவுகூட வித்தியாசம் தெரியாது. விகிதமுறா எண் என்று √2ஐ எண்கோட்டில் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கையிலிருக்கும் தாளிலேயே அது இருக்கிறது.

கூரை எங்கே போயிற்று?

இரண்டாவது பாடம் வகுப்பறையின் பிளான். டேப் இருந்தால் டேப், இல்லையென்றால் மீட்டர் அளவுகோல். நான்கு பேர் கொண்ட குழுவாக அளக்கட்டும். 1:50 என்ற அளவுத்திட்டம் வசதி: 7.2 மீட்டர் நீளம் 14.4 செ.மீ. ஆகும், 6 மீட்டர் அகலம் 12 செ.மீ. ஆகும், ஏ4 தாளில் தாராளமாக அடங்கும். மீட்டரைச் சென்டிமீட்டராக்கி 50ஆல் வகுக்கும் இந்தக் கணக்கை ஒவ்வொரு பிள்ளையும் இருபது முப்பது தடவை போட வேண்டியிருக்கும். பயிற்சித்தாளில் இத்தனை கணக்கு கொடுத்தால் முனகுவார்கள். இங்கே முனகல் வராது.

முதல் முயற்சியில் ஏறக்குறைய எல்லோரும் சுவரை ஒற்றைக் கோடாக வரைவார்கள். “சுவர் எங்கே?” என்று கேளுங்கள். 9 அங்குலச் சுவர் ஏறக்குறைய 23 செ.மீ.; 1:50இல் 4.6 மி.மீ. ஆகவே இரண்டு கோடு வேண்டும். அளந்தது உள்ளளவா வெளியளவா என்ற கேள்வி உடனே எழும். பாதிக் குழுக்கள் மீண்டும் அளக்கப் போகும். போகட்டும்.

பிறகு யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: “மேலேயிருந்து பார்த்தா கூரைதானே மிஸ் தெரியும்? ஜன்னலும் கதவும் எப்படித் தெரியுது?” இந்தக் கேள்வி வரும்வரை நான் பதிலைச் சொல்வதில்லை. பிளான் என்பது கட்டடத்தை உச்சியிலிருந்து பார்த்த படம் அன்று. ஜன்னல் மட்டத்தில், தரையிலிருந்து ஏறக்குறைய நான்கடி உயரத்தில் கட்டடத்தைக் கிடைமட்டமாக அறுத்து, மேல் பாதியைத் தூக்கி வைத்துவிட்டுக் கீழே பார்த்தால் தெரிவது. கற்பனையான அறுப்புதான். ஒரு சாக்லேட் அட்டைப்பெட்டியில் கதவும் ஜன்னலும் வெட்டி, பிறகு அதை ஜன்னல் உயரத்தில் சுற்றி அறுத்துக் காட்டினால் போதும். அறுபட்ட அட்டையின் விளிம்புதான் பிளானில் சுவர்.

வரைந்த பிளான்களை வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருந்தோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்த ஒரு மாணவியின் தந்தை அவற்றின் முன் வெகுநேரம் நின்றார். அவர் கொத்தனார். “டீச்சர், இந்தக் கதவு உள்பக்கம் தொறந்தா முதல் பெஞ்சுல இடிக்குமே” என்றார். உண்மைதான், கதவு திறக்கும் கால்வட்டம் பெஞ்சின்மேல் ஏறியிருந்தது. பிறகு, “லிண்டல் எங்க காட்டியிருக்காங்க?” என்று தேடியவர், தாமே, “இல்ல இல்ல, அது பிளான்ல வராது. செக்ஷன்லதான் வரும்” என்றார். அறுப்புக்கு மேலே இருப்பது பிளானில் வராது என்பதை நான் அட்டைப்பெட்டியை அறுத்துச் சொன்னேன். அவர் இருபது வருடம் கட்டியே தெரிந்துவைத்திருந்தார்.

அடுத்த வாரம் அவரை வகுப்புக்கு அழைத்தோம். நூல் பிடிப்பது, ரசமட்டம் பார்ப்பது, மூலை செங்கோணமா என்று 3, 4, 5 அடி அளந்து பார்ப்பது எல்லாவற்றையும் செய்து காட்டினார். பிதாகரஸ் தேற்றத்தின் மறுதலையை அவ்வளவு தெளிவாக நடத்த எனக்கு வராது. அவருடைய மகள் அன்று முழுவதும் முன்வரிசையில் இருந்தாள். இப்போது கட்டடப் படவரைவு படிக்க வேண்டும் என்கிறாள். “பொம்பளப் புள்ள சைட்டுல போய் நிக்கணுமா டீச்சர்?” என்பது அவளுடைய அம்மாவின் கவலை. அளவெடுக்க சைட்டுக்குப் போகத்தான் வேண்டும். மீதி நேரமெல்லாம் அலுவலகத்தில் கணினி முன்தான் வேலை என்று சொன்னேன். அவர் இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை.

பந்து விழும் நோட்டு

அசைவூட்டம் என்றதும் பிள்ளைகள் கணினியைத்தான் நினைக்கிறார்கள். பழைய கோடு போட்ட நோட்டே போதும். திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகிறது. அசைவூட்டத்தில் ஒரு படத்தையே இரண்டு சட்டங்களுக்கு வைத்துக்கொள்வது வழக்கம். ஆக நொடிக்கு 12 படம். 24 பக்கங்கள் இரண்டு நொடிக் காட்சி.

ஒரு குழுவுக்கு இப்படிச் சொல்லுங்கள்: பந்து 16 கோடு உயரத்திலிருந்து விழட்டும், பக்கத்துக்கு 4 கோடு இறங்கட்டும். இன்னொரு குழுவுக்கு: முதல் பக்கத்தில் 1 கோடு, அடுத்து 3, அடுத்து 5, அடுத்து 7. இதுவும் மொத்தம் 16 கோடுதான். தரையைத் தொட்டதும் அதே கணக்கில் திரும்ப மேலே ஏறட்டும். எட்டுப் பக்கத்துக்கு ஒரு துள்ளல் என்று 24 பக்கத்தில் மூன்று துள்ளல்கள் வரும். பக்கங்களை விரலால் விறுவிறுவென விட்டுப் பாருங்கள். முதல் நோட்டில் பந்து லிஃப்ட் போல இறங்கி ஏறும். இரண்டாவதில் பந்து பந்தாகவே துள்ளும். உச்சியில் ஒரு கணம் தயங்குவதுகூடத் தெரியும்.

1, 3, 5, 7 எங்கிருந்து வந்தது? தடையின்றி விழும் பொருள் சம கால இடைவெளிகளில் கடக்கும் தூரங்கள் ஒற்றை எண்களின் விகிதத்தில் இருக்கும் என்பது கலிலியோ கண்டது. கூட்டினால் 1, 4, 9, 16 என வர்க்க எண்கள். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் இயக்கம் பாடமும் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் கூட்டுத்தொடரும் இந்த நோட்டில் சந்திக்கின்றன. அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து ஒரே நாளில் நடத்தினால் இன்னும் நல்லது.

உயர் தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளில் இதற்கு மேலும் போகலாம். லிப்ரேகேட் என்ற கட்டற்ற மென்பொருள் இருபரிமாண வரைபடத்துக்குப் போதும். சாதாரணக் கணினியிலும் ஓடும். முப்பரிமாணத்துக்கு பிளெண்டர் இருக்கிறது. 2002 முதல் கட்டற்ற மென்பொருளாக இலவசமாகக் கிடைக்கிறது. 2025இல் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்ற லாட்வியா நாட்டு ‘ஃப்ளோ’ அதில் உருவாக்கப்பட்டதுதான். ஆனால் பள்ளிக் கணினியில் பிளெண்டர் திணறினால் சோர்ந்துவிட வேண்டாம். நோட்டில் 1, 3, 5, 7 புரியாமல் பிளெண்டருக்குப் போன பிள்ளை அங்கேயும் லிஃப்ட்டைத்தான் செய்யும்.

எங்கே படிப்பது?

சமுதாயக் கல்லூரி என்ற அமெரிக்க ஏற்பாட்டின் சாரம் இதுதான்: வீட்டுக்கு அருகில், குறைந்த செலவில், எந்த வயதினரும் சேரக்கூடிய, அவ்வட்டாரத்துத் தொழிலோடு இணைந்த இரண்டாண்டுப் படிப்பு. நம் பக்கத்தில் இந்தப் பெயரில் முதலில் தொடங்கியது 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம். மறு ஆண்டு சென்னையில் மெட்ராஸ் சமுதாயக் கல்லூரி வந்தது. 2013இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் இதற்கென ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆனால் படவரைவைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் இந்த வேலையை நெடுங்காலமாகச் செய்துவருபவை அரசு தொழிற்பயிற்சி நிலையங்களும் பாலிடெக்னிக் கல்லூரிகளும்தாம்.

ஐ.டி.ஐ.யில் கட்டடப் படவரைவாளர், இயந்திரப் படவரைவாளர் என இரண்டு பிரிவுகள். இரண்டுமே இரண்டாண்டு; பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். எல்லா நிலையத்திலும் எல்லாப் பிரிவும் இருக்காது என்பதால், வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் சேர்க்கை அறிவிப்பில் எந்த நிலையத்தில் எது உண்டு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் ரூ.750 உதவித்தொகை, மிதிவண்டி, சீருடை, பேருந்து அட்டை, வரைபடக் கருவிகள் ஆகியவற்றை அரசே தருகிறது. தகுதியுள்ள அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ரூ.1000 தனி. பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. பத்தாம் வகுப்போடு நின்று திருமணமாகிப் போன நம் பழைய மாணவிகளுக்கும் இதைச் சொல்லலாம்.

2023இல் ஒரகடம் அரசு ஐ.டி.ஐ.யில் ‘தொழில் 4.0’ மையம் திறக்கப்பட்டது. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து மாநிலம் முழுவதும் 71 அரசு ஐ.டி.ஐ.க்களைத் தரம் உயர்த்தும் திட்டத்தின் பகுதி அது. இத்திட்டத்தில் வந்த புதிய பிரிவுகளில் ஒன்று இயந்திர வடிவமைப்பும் மெய்நிகர் சரிபார்ப்பும். பாகத்தைக் கணினியில் முப்பரிமாணமாக வரைந்து, இரும்பை வெட்டும் முன்பே அது பொருந்துகிறதா, அசைகிறதா என்று திரையிலேயே ஓட்டிப் பார்ப்பது. படவரைவும் அசைவூட்டமும் ஒன்றாகச் சேரும் இடம் இது. ரோபோவின் கை எந்தப் பாதையில் சுழன்றால் பக்கத்திலுள்ள தூணில் இடிக்காது என்பதையும் இப்படித்தான் பார்க்கிறார்கள். கொத்தனார் கதவைப் பார்த்து பெஞ்சில் இடிக்கும் என்றாரே, அதே வேலைதான்.

“ஐ.டி.ஐ. போனா அதோட முடிஞ்சுது” என்று பெற்றோர் அஞ்சுவார்கள். அப்படி இல்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்து மொழித் தேர்வுகளில் தேர்ச்சி பெற்றால் பிளஸ் டூவுக்கு இணை. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். அதை முடித்தவர் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். இடையில் 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி ஆலையில் உதவித்தொகையோடு பழகுநராக இருக்கலாம். ஒப்பந்தக் கூலியாக ஆலை வாசலில் நிற்பதற்கும், பழகுநராக உள்ளே போவதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஊர்ப் பெற்றோருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. வழி இருக்கிறது என்று சொன்னால் போதும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முன்பு பல படவரைவாளர்கள் பலகையில் குனிந்து செய்த வேலையை இன்று ஒருவர் கணினியில் முடிக்கிறார். கொடுத்ததை அப்படியே நகலெடுக்க மட்டும் தெரிந்தவருக்கு இனி வேலை குறைவு. தாளைப் படித்து “இது பொருந்தாது” என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. மென்பொருளின் கட்டளைகளை ஆறு மாதத்தில் கற்றுவிடலாம். களிமண்ணை எந்தப் பக்கம் அறுப்பது என்ற தெளிவு அப்படி வருவதில்லை. அதனால்தான் அதைப் பள்ளியிலேயே தொடங்கச் சொல்கிறேன்.

கட்டடக்கலை வேறு பாதை. படவரைவாளர் கட்டடக்கலைஞர் ஆகிவிட மாட்டார். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்தவரே ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ளலாம். அதற்கு ஐந்தாண்டு பி.ஆர்க். படிக்க வேண்டும், பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் கட்டாயம், நாட்டா என்ற நுழைவுத் தேர்வும் உண்டு. அதில் கேட்கப்படுபவற்றில் ஒரு பகுதி, நாம் மேலே பார்த்த தோற்றக் கேள்விகளின் உறவுதான். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி நமக்கு ஒரு மணிநேரப் பயணம். பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவு தேர்ந்தெடுக்கும் நாளிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். கணிதம் இல்லாத பிரிவில் சேர்ந்த பிறகு தெரிந்து பயனில்லை.

அசைவூட்டத்துக்குத் தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. 1945இல் தொடங்கிய அரசு நிறுவனம். அசைவூட்டமும் காட்சிவிளைவும் அங்கே ஒரு பட்டப்படிப்பு. இத்துறையில்தான் எச்சரிக்கையும் அதிகம் வேண்டும். கடைத்தெருவில் பெரிய விளம்பரப் பலகையோடு நடக்கும் குறுகிய காலப் பயிற்சி மையங்களில் கட்டணம் இலட்சத்தைத் தொடலாம். சான்றிதழ் யார் தருவது, அதற்கு அரசு அங்கீகாரம் உண்டா, முந்தைய மாணவர்கள் செய்த வேலையைக் காட்ட முடியுமா என்று மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். அசைவூட்டத் துறையில் சான்றிதழைவிட, நான் செய்தது இது என்று காட்டும் தொகுப்புக்கு மதிப்பு அதிகம். ஒன்பதாம் வகுப்பில் செய்த பந்து நோட்டை அதன் முதல் பக்கமாக வைக்கலாம். எறிந்துவிட வேண்டாமென்று சொல்லுங்கள்.

ஓவிய ஆசிரியரைப் பற்றியும் ஒரு சொல். பல பள்ளிகளில் அவர் பகுதிநேரம். வாரத்தில் சில நாட்களே வருவார். காலாண்டுத் தேர்வு நெருங்கினால் அவருடைய பாடவேளை கணிதத்துக்கோ அறிவியலுக்கோ போய்விடும். அப்படி வாங்கும் பாடவேளையை அவரோடு சேர்ந்தே நடத்தினால் என்ன? பொருளின் நிழலும் ஆழமும் அவர் சொல்லட்டும், அளவும் கோணமும் நாம் சொல்வோம். எங்கள் பள்ளியில் வகுப்பறைப் பிளான் பாடத்தை அப்படித்தான் நடத்தினோம். எழுத்துகளை ஒரே உயரத்தில், கோட்டுக்குள் எழுதவைத்தது முழுக்க அவர் வேலை. தாள் பார்க்கத் தாளாக இருந்தது அதனால்தான்.

களிமண் பாடத்தை முடித்த வகுப்புக்குக் கொடுக்க இன்னொரு கணக்கு. ஓர் அட்டையில் ஒரே அகலத்தில் மூன்று துளைகள் வெட்டுங்கள்: ஒரு வட்டம், ஒரு சதுரம், ஓர் இருசமபக்க முக்கோணம். வட்டத்தின் விட்டம், சதுரத்தின் பக்கம், முக்கோணத்தின் அடி, உயரம் எல்லாம் ஒரே அளவு. மூன்று துளைகளையும் தனித்தனியே முழுதாக அடைத்தபடி உள்ளே நுழையும் ஒரே பொருளைக் களிமண்ணில் செய்ய வேண்டும். விட்டமும் உயரமும் சமமான உருளையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். நூலால் இரண்டே அறுப்பு. விடையைச் சொல்லிவிடாதீர்கள். எங்கள் வகுப்பில் மூன்று நாள் பிடித்தது; முதலில் கொண்டுவந்து காட்டியது, மேலே நான் சொன்ன அந்த 35 மதிப்பெண் மாணவன். இந்தக் கல்வியாண்டு அவன் பத்தாம் வகுப்பு.